ஐந்து க்ளிக், நாற்பது கம்பளி

புதுக் கம்பளிக்கு ஒரு வாடை உண்டு... மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. இப்போதும் கடையில் அந்த வாடை வந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரை விட்டு வடக்கே போயிருந்த நேரம். வீடு கட்கியில், எனக்கு பேங்க் வேலை ஔந்தில். மேனேஜர் சொன்னாரே என்று ஒரு சேவை கிளப்பில் சேர்ந்து தொலைத்தேன்.

டிசம்பர் வந்தால் வாராவாரம் மீட்டிங். படாட்டா வடை, சாய், அப்புறம் விவாதம். அந்த வருஷம் நாலு மீட்டிங்கில் மூன்று, பேனரில் யார் பெயர் மேலே வருவது என்பதற்கே போனது. குளிரைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. போட்டோ இல்லாத சேவையை மேலிடம் சேவையாகவே ஏற்காது. அதுதான் கிளப்பின் சட்டம்!

ஔந்தில் அப்போது எங்கே பார்த்தாலும் ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சைட்டில் தர்மபுரிப் பக்கத்துத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நாற்பது கம்பளி கொடுப்பதாக ஏற்பாடு. தமிழ் பேச ஆள் வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரையும் மண்ணில் வரிசையாக உட்கார வைத்தாயிற்று. எட்டரை ஆகியும் சீஃப் கெஸ்ட் வரவில்லை. செல்வி என்ற பெண்ணின் மடியில் கைக்குழந்தை, உதடெல்லாம் நீலம் பாரித்து... என்னால் பார்க்க முடியவில்லை. கம்பளிக் கட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். செல்வி குழந்தையைச் சுற்றிக்கொண்டாள். அது தூங்கியும் விட்டது.

ஒன்பது மணிக்குக் கிளப் தலைவர் வந்தார். நாங்கள் சாஹேப் என்போம். பார்த்ததும் கத்தினார்.

"யே க்யா கியா? சப் வாபஸ் லேலோ! தமிழ் மே போலோ!"

கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்க வேண்டுமாம். அதை நான் தமிழில் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். முடியாது என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சாஹேப் மேல் உள்ள கோபத்தைவிட என் மேல் உள்ளதுதான் இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

"கொஞ்ச நேரந்தாங்க... போட்டோ எடுத்ததும் குடுத்துடுவாங்க."

செல்வி என்னையே பார்த்தாள். "இப்பத்தாம்மா கண்ண மூடுச்சு..." என்றாள். ஆனாலும் அவிழ்த்துக் கொடுத்தாள். நாங்கள் எல்லாவற்றையும் மடித்து, ப்ளாஸ்டிக் கவரில் போட்டு, புதுசு மாதிரி அடுக்கினோம். வெட்கங்கெட்ட வேலை.

சீஃப் கெஸ்ட் வந்தார். ஐந்து பேருக்குக் கொடுத்தார். செல்வி அதில் இல்லை. ஐந்து க்ளிக். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மீதி முப்பத்தைந்தையும் டெம்போவில் ஏற்றினார்கள். மறுநாள் ஹடப்சரில் இன்னொரு நிகழ்ச்சி, இன்னொரு போட்டோ.

"அப்போ இவர்களுக்கு?" என்று கேட்டேன். "பாத் மே தேங்கே" என்றார் சாஹேப். பிறகு தருவார்களாம். அந்தப் பிறகு வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு நான் போர்த்திக்கொள்ளும் ரஜாயை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போனேன். குழந்தைக்கு இருமல். செல்வி ரஜாயை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இதயும் திருப்பிக் கேப்பீங்களாம்மா?"

கிளப்புக்கு அதோடு முழுக்குப் போட்டேன்.

ஆனால் வாட்ஸப் விடுமா? பழைய உறுப்பினர்கள் க்ரூப்பில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரே ஒரு கேமராக்காரர். இன்றைக்கு ஆளுக்கொரு போன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பத்துக் கை பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவே டிசம்பர்தோறும் அந்த ஐந்து போட்டோவும் 'பொன்னான நாட்கள்' என்று வந்துவிடும்.

போன வாரமும் வந்தது. "மீதி முப்பத்தைந்து கம்பளி எங்கே, சாஹேப்?" என்று கீழே ஹிந்தியில் எழுதினேன்.

பதினோரு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார்கள். முதல் ஆள் சாஹேப்தான்.