கொடியில் தொங்கும் கிளினிக் கொப்பி

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் முக்கியமான காகிதமெல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், கரண்ட் பில், டாக்டர் மருந்து எழுதும் அம்மாவின் பிரஷர் கிளினிக் கொப்பி, எல்லாவற்றுக்கும் முருகன்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கியவன் நான்.

போன தீபாவளிக்கு முன்னால் எனக்குத் திடீரென்று சுத்தம் பிடித்தது. எனக்கு எது பிடித்தாலும் பேய் மாதிரித்தான் பிடிக்கும். காகிதங்களை ஏழு பிஸ்கட் டின்களில் போட்டு மூடி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மூடியை அழுத்திய நொடியே உள்ளே இருந்தது என் தலையை விட்டும் போய்விட்டது.

எனக்கு ஏ.டி.எச்.டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத வியாதி என்று பதுளையில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடத்தில் அதற்குக் கழுதை என்று பெயர்.

கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா கேட்டாள்.

"தம்பி, கொப்பி எங்கடா?"

"பத்திரமா இருக்கும்மா."

"அதான், எங்க பத்திரமா இருக்கு?"

முதல் டின்னில் கொப்பி இல்லை, பழுதான டோர்ச் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கச்சி எட்டிப் பார்த்தபோது அது நாலு துண்டாக என் மடியில் கிடந்தது.

"அண்ணே, தேடுறியா, கடை விரிக்கிறியா?"

"டோர்ச் இருந்தாத்தானே தேட முடியும்!"

அம்மா சிரிக்கவில்லை. போன மாதம் மலையில் தலைசுற்றி, கூடையோடு உட்கார்ந்துவிட்டவள் அவள். எந்த மாத்திரை, எத்தனை என்பதெல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருந்தது.

ஏழு டின்னிலும் இல்லை; வேறெங்கே வைத்தேன் என்பது இன்றுவரை தெரியாது. மறுநாள் கொப்பி இல்லாமலே போனோம். கிளினிக் நர்ஸ் மிஸ் ஏசினார். அம்மா குனிந்துகொண்டு, "நாந்தாங்க எங்கயோ வச்சுட்டேன்" என்றாள். புதுக் கொப்பி போட்டு வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒரு கடை. ஷாம்பூ, செருப்பு, வடிதட்டு எல்லாம் கயிற்றில் தொங்கின. முதலாளி எதையும் தேடவில்லை. கண்ணுக்கு நேரே இருந்ததை எட்டிப் பறித்தார். இந்த ஆளுக்கும் என் வியாதிதானோ என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணில் படுவதுதானே எனக்கும் ஞாபகத்தில் நிற்கும்! கொடிக் கயிறும் ஒரு டசின் கிளிப்பும் வாங்கினேன்.

காம்பராவுக்குக் குறுக்கே கயிறு கட்டி எல்லாவற்றையும் மாட்டினேன். புதுக் கொப்பியை வாசலுக்கு நேரே, என் நெற்றியில் இடிக்கிற உயரத்தில்.

"வீடாடா இது?"

"கடைம்மா. என்ன வேணும், சொல்லு."

"மொதல்ல ஒன்னைய ஒரு கிளிப்புல மாட்டணும்."

அடுத்த கிளினிக் அன்று, அவள் கேட்பதற்குள் கொப்பியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

பின்னேரம் மாத்திரைப் பையோடு வந்தவள் முருகன் பக்கம் போகவில்லை. கால் விரலில் எக்கி நின்று, கொப்பியைக் கொடியில் மாட்டி, கிளிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.