கேட்ட விலையைக் கொடுத்தவர்கள்

மாமா தேங்காயைக் காதோடு ஒட்டி வைத்துக் குலுக்குவார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் தமிழ்க் கடையில், தேங்காய்ச் சாக்குக்கு முன்னால், பனிச்சப்பாத்தும் காது மூடும் தொப்பியுமாக அவர் நிற்கிற கோலம் எனக்கு மறக்கவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து விலை கேட்பார். அவர் சொன்ன உடனேயே தேங்காயைத் திரும்பச் சாக்கில் வைத்துவிடுவார். பேரம் அங்கேதான் தொடங்கும்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் தகப்பனாரை. மாமி காலமான பிறகு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், நாங்கள் ஸ்பொன்சர் செய்து அவரை மொன்றியலுக்கு எடுப்பித்தோம். வந்த மனிதர் பனியைக் கண்டு பயப்படவில்லை, மெத்ரோவைக் கண்டு பயப்படவில்லை. விலை எழுதி ஒட்டியிருக்கும் கடைகளைக் கண்டுதான் அவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுதி வைத்த விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிற சனத்தை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார். பிரெஞ்சில் அவர் முதலில் படித்தது ‘போன்ஜூர்’ இல்லை, ‘ட்ரோ ஷேர்’. விலை கூட என்று அர்த்தம். மூலையில் இருந்த டெப்பனர் பெட்டிக்கடையில் தொலைபேசி அட்டைக்கும், மருந்துக்கடையில் இருமல் பாணிக்கும், ஒருமுறை பேருந்தில் டிக்கட்டுக்கும்கூட அதைச் சொல்லிப் பார்த்தார். கூடப் போனவள் நான். மானம் கப்பலேறிய நாட்கள் அவை. நான் வேலை செய்யும் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், காலையிலிருந்து பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து, பின்னேரம் இந்தக் கிழவரோடும் மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று என் கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இந்தப் பேரத்துக்கு ஒரு முதலாளி இருந்தார். மாமாவின் ஒரே தங்கை, வன்னியில் இருந்தவர். ஞாயிறு காலையில் நாங்கள் அழைப்போம். அங்கே அது பின்னேரம். அவர் தன் ஊரில் இருந்த தொலைபேசிக் கடையில் வந்து காத்திருப்பார். மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் கதை நடக்கும். குசினியில் தோசை வார்த்தபடி நான் எல்லாவற்றையும் கேட்பேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பேந்துதான். முதலில் தங்கை அந்தக் கிழமை என்னென்ன வாங்கினார், கடைக்காரன் எவ்வளவு சொன்னான், தான் எவ்வளவுக்கு இறக்கினார் என்று ஒப்புவிப்பார். பிறகு மாமாவின் முறை. “அங்கை தேங்காய் என்ன விலை அண்ணை?” மாமா சொல்வார். உடனே ஏச்சு விழும். “உங்களை நல்லா ஏமாத்திறாங்கள். பாதி விலைக்குக் கேளுங்கோ. தராட்டி வைச்சிட்டு வாங்கோ.” எழுபதைத் தாண்டிய மனிதர் சின்னப் பெடியன் மாதிரித் தலையை ஆட்டுவார். முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

தொலைபேசியில் சண்டையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் மண்ணெண்ணெய் விலையைக் கேட்டால் பாதை திறந்திருக்கிறதா என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். சவுக்கார விலையைக் கேட்டால் லொறி வருகிறதா என்று தெரியும். பின்னேரம் என் கணவர் இணையத்தில் தேடிப் படிக்கிற செய்தியை அவர் காலையிலேயே சொல்லி முடித்திருப்பார்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலரைப் போல அவரும் தெற்கே ஒரு சிங்கள ஊரில் சுருட்டுக்கடையில் வேலைக்கு நின்றவர். பெயர்தான் சுருட்டுக்கடை, செத்தல் மிளகாய், கருவாடு, வெங்காயம் எல்லாம் விற்கும். அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மாமாவுக்கு நேரம் போவது தெரியாது. ஐந்து சதத்துக்குப் பிளேன் டீ. முதலாளி கண்டால் ஏசுவார் என்று ஒளித்துப் போய்த் தியேட்டர் கலரியில் இருந்து பார்த்த தமிழ்ப் படம். தேநீர்க்கடை வானொலியில் பாட்டுக் கேட்க நின்று வேலைக்குப் பிந்திப் போனது. ஒருவர் வாங்கிய பத்திரிகையைப் பத்துப் பேர் படித்து, கடைசியில் அதிலேயே மிளகாய் சுற்றிக் கொடுத்தது. இருபத்தைந்து சதமாக இருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை அரசாங்கம் ஒரேயடியாக எழுபது சதமாக்க, நாடே தெருவில் இறங்கியது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இருக்காது. “அது நல்ல சத்தம் பிள்ளை. விலை கூடிப்போச்செண்டு சனம் கத்திற சத்தம். அதுக்கு ஏன் பயப்பிட வேணும்?” என்பார். எதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவராகச் சொன்ன நாள் வந்தது.

இரண்டாயிரத்து எட்டில், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிறு. தங்கை வழக்கம் போலக் கணக்கு ஒப்புவித்தார். கத்தரிக்காயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. “கேட்ட விலையைக் குடுத்திட்டு வந்திட்டன் அண்ணை. அவள் மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். கைப்பிள்ளையோடை மரத்தடியிலை இருந்து விக்கிறாள். வாய் வரேல்லை.” எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. மனுசிக்குக் கடைசியில் மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். மாமா தட்டைத் தள்ளி வைத்தார். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டார்: “உனக்குக் கண் பார்க்க வவுனியாவுக்குப் பாஸ் தாறமெண்டவை, என்னாச்சு?” கிடைக்கும் போலத்தான் என்றார் தங்கை. “எடு. போனால் திரும்பி வராதை.” “பெடியனுக்குத் தரமாட்டினம் அண்ணை. அவனை விட்டிட்டு எப்பிடி வாறது?” தங்கைக்கு இருந்தது ஒரே மகன், இருபது வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வன்னியை விட்டு வெளியேற இயக்கம் பாஸ் கொடுப்பதில்லை. மாமா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அன்றைக்குத்தான் அவர் ஒரு நோனாவைப் பற்றிச் சொன்னார். சுருட்டுக்கடைக்கு நாள் தவறாமல் வருகிற ஒரு சிங்களப் பெண்மணி. கருவாட்டைக் கையில் எடுத்தால் வைக்க மாட்டார், விலையைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “நீ என்ன, தங்கமா விக்கிறாய்?” என்று சிங்களத்தில் கேட்டு, கடையை விட்டு இறங்கி, திரும்பி வந்து, கடைசியில் ஒரு சதம் குறைத்துக் கொடுத்தால்தான் அந்த மனுசிக்கு நித்திரை வரும். மாமாவின் சிங்களம் பாதியும் அவரோடு மல்லுக்கட்டிப் படித்ததுதான். ஐம்பத்தெட்டில், ஒரு காலையில், அவர் வந்து கருவாடு கேட்டார். மாமா வேண்டுமென்றே விலையைக் கூட்டிச் சொன்னார். அவர் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, கேட்ட காசை எண்ணி மேசையில் வைத்தார். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் ஒரு கணம் நின்றார், பிறகு போய்விட்டார். மாமா ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னார். “கூடக் குடுத்தால் வாங்கிப் போடன், அதுக்கேன் முழிக்கிறாய்?” என்று முதலாளி சிரித்தார். பொழுது சாயும்போது தெருமுனையில் தமிழ்க் கடைகளை எரிக்க ஆட்கள் கூடினார்கள். மாமா பின் மதிலேறிக் குதித்தார். பலகைக் கதவைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கடை முன்பக்கம் போன முதலாளி வரவில்லை. கடை எரிந்த வெளிச்சத்தில் மாமா தண்டவாளத்தின் ஓரமாக நடந்தார்.

“அந்த மனுசிக்குத் தெரிஞ்சிருக்கு. வாயாலை சொல்லப் பயம். நாளைக்கு இவனைக் காணமாட்டனெண்டு நினைச்சுத்தான் கேட்டதைக் குடுத்தது” என்றார் மாமா. “குறைச்சுக் கேக்கிற சனம் நாளைக்கும் வருவமெண்டு நினைக்கிற சனம், பிள்ளை. கேட்டதைப் பேசாமல் குடுக்கத் தொடங்கினால்தான் நான் பயப்பிடுவன்.” சொல்லிவிட்டு எழுந்து போய் ஆறிய தோசையைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்காமல் போயின.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் விலைகளுக்காகக் காது கொடுத்தோம். தங்கை பேரம் பேசினேன் என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. என் கணவர் துறைமுகத்து வேலையிலிருந்து வந்ததும், “அத்தை இண்டைக்கு என்னத்தைக் குறைச்சவ?” என்றுதான் கேட்பார். இலையுதிர் காலத்தில் அந்தத் தொலைபேசிக் கடையில் யாரும் எடுக்காமல் போனார்கள். அவர்கள் இடம்பெயர்ந்துவிட்டார்கள் என்று வேறு யாரோ சொன்னார்கள். அப்போதும் மாமா ஞாயிறு தவறாமல் கடைக்குப் போய்த் தேங்காய்க்கு மல்லுக்கட்டினார். தங்கைக்குச் சொல்ல விலை வேண்டும் என்பார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், கடுங்குளிரில், அழைப்பு அங்கிருந்து வந்தது. எங்கிருந்து என்று தங்கை சொல்லவில்லை. பின்னால் நிறையச் சனம் நிற்கிற இரைச்சல், எங்கோ ஒரு குழந்தை அழுகிற சத்தம். மகன் கூடத்தான் இருக்கிறான் என்றார். வழக்கமாகக் கேட்கும் தேங்காய் விலையை அவர் கேட்கவில்லை. மாமா தானாகவே சொன்னார். “இஞ்சை இப்ப தேங்காய் ஒண்டு அஞ்சு டொலர், தெரியுமோ?” பச்சைப் பொய். ஒன்றரை டொலருக்கு மேல் அவர் கொடுத்ததே இல்லை. ஏச்சு வாங்கத்தான் அந்தப் பொய் என்று எனக்கு விளங்கியது. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

“பரவாயில்லை அண்ணை,” என்றார் தங்கை. “கேட்டதைக் குடுத்திட்டு வாங்கோ. பின்னாலை சனம் நிக்குது, வைக்கிறன்.”

பிறகு அவரைப் பற்றி எவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பற்றியும் இல்லை. போர் முடிந்ததும் என் கணவர் முகாம்களில் இருந்தவர்கள் வழியாக எல்லாம் விசாரித்தார். கண்டவர் இல்லை. மாமா எதையும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு நானும் அவரோடு கடைக்குப் போனேன். தேங்காயை எடுத்துக் குலுக்கினார், விலை கேட்டார். கடைக்காரர் வழக்கம் போலக் கூட்டிச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு ஆயத்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். மாமா காசை மேசையில் வைத்தார். “ஐயா, குறைச்சுக் கேளுங்கோவன்,” என்றார் கடைக்காரர். அவரும் வன்னிப் பக்கத்து ஆள். மாமா தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. இலை உதிரத் தொடங்கும்போது மாமா காலமாகிவிட்டார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, போன ஞாயிறு சம்பலுக்குத் தேங்காய் வாங்கி வரச் சொல்லி மகளை அனுப்பினேன். பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். வந்து தேங்காயை மேசையில் வைத்தாள். என்ன விலை என்று கேட்டேன், சொன்னாள். குறைத்துக் கேட்டாயா என்றேன். “இல்லை அம்மா. கேட்டதைக் குடுத்தன்,” என்றாள், அதிசயமாகத் தமிழில்.

நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தேங்காயையும் தூக்கிக்கொண்டு, வெளி இரும்புப் படியில் இறங்கினேன். மகள் மேலிருந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அதே கடைக்காரரின் முன்னால் தேங்காயை வைத்து, ஐம்பது சதம் குறையுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மேசை லாச்சியைத் திறந்து ஐம்பது சதத்தை எடுத்து நீட்டினார்.

“அப்பிடித் தராதேங்கோ,” என்றேன். “ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

அவருக்கு விளங்கியது. காசை உள்ளே போட்டு லாச்சியை மூடினார். “ஏலாது அக்கா. எனக்கு வாற விலையே அதுதான்.”

“அப்ப நாப்பது.”

“ஏலாது.”

நான் தேங்காயை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பச் சாக்கில் வைத்தேன்.

“முப்பத்தைஞ்சு,” என்றேன்.