பரங்கிப் பிஞ்சு

சென்னீர்குப்பத்துக் கருத்தரிப்பு மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மத்த செல்லுல எல்லாம் நாப்பத்தாறு குரோமோசோம். கருமுட்டையிலயும் விந்தணுவுலயும் மட்டும் பாதிப் பாதிதான். அந்த ரெண்டு பாதியையும் ஊசியால சேத்து வெச்சோம். இந்தத் தடவையும் வளரலம்மா."

என் கணவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவின் விரலில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடி ஞாபகம் வந்தது.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பரங்கிக் கொடி இருந்தது. வண்டு வரட்டும் என்று காத்திருக்க அப்பாவால் முடியாது. ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன், யூனிஃபார்மோடு குத்த வைத்து உட்கார்ந்து, ஆண்பூவின் இதழைக் கிழித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவுக்குள் தடவுவார். பிறகு அம்மா மல்லி கட்டும் வாழைநாரால் பெண்பூவின் வாயைக் கட்டிவிடுவார். ஈர இலையின் பச்சை வாசனை அவரோடு ஃபேக்டரிக்குப் போகும்.

பூவுக்கடியில் இருக்கும் பிஞ்சு சில சமயம் பெரிதாகும். பல சமயம் மஞ்சளாகி, தொட்டதும் கழன்று விழும்.

"இதுவும் போச்சா?" என்பாள் அம்மா, சமையலறை ஜன்னலில் இருந்து.

"போனா போவுது. பூ இன்னும் வரும்" என்பார் அப்பா. ஒவ்வொரு முறையும் அதே பதில். ஆனால் விழுந்த பிஞ்சை வீச மாட்டார். கொடியின் அடியிலேயே மண்ணைக் கிளறிப் புதைப்பார்.

மருத்துவமனைக்கு வெளியே வந்து, ஹைவே இரைச்சலுக்கு நடுவே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"இதுவும் போச்சுப்பா."

பூ இன்னும் வரும் என்பார் என்று காத்திருந்தேன். "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.