கயிறு கட்டிய பரிசல்

பவானி ஆற்றில் ராமுலு தன் பரிசலுக்குத் துடுப்புப் போடுவார், அவர் சம்சாரம் ராமாமணியக்கா மூட்டை மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இதுதான். "பாறைங்க, பார்த்து!" என்று அதிகாரம் பண்ணுவது மட்டும் அக்காவின் வேலை. துடுப்பைத் தொட்டதே இல்லை.

கொரோனாக் கோடையில், சென்னைக்குக் காய்கறி லோடு அடித்துவிட்டுத் திரும்பிய ராமுலுவை மேட்டுப்பாளையம் எல்லையிலேயே மடக்கி, அக்கரைப் பள்ளிக்கூடத்து முகாமில் போட்டார்கள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. சோறுதான் இறங்கவில்லை.

"சுவத்தப் பார்த்துட்டே படுத்திருக்காருங்க. இப்படியே போனா தாங்கமாட்டாருங்க. நீங்க ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் நர்ஸ் ஹாரிகா போனில்.

தன் போனையே எடுக்காத மனுசனிடம் என்னத்தைச் சொல்ல? பாலத்தில் வேறு போலீஸ். அக்கா பரிசலை உருட்டிக்கொண்டுபோய்த் தண்ணீரில் தள்ளியது. மாஸ்க்கை மறக்கவில்லை. சட்டத்தை மதிக்கிற குடும்பம்.

நாலு துடுப்புப் போட்டதும் பரிசல் முன்னால் போகாமல் ராட்டினம் சுற்றியது. பாக்குத் தோப்பு, பள்ளிக்கூடம், மறுபடி பாக்குத் தோப்பு.

கரையில் கான்ஸ்டபிள் ஆசிப் விசிலடித்தார். "ஏனுங்கக்கா! ஊரே அடங்கிக் கெடக்குது, உங்களுக்கு மட்டும் ஜாலி ரைடா? விளையாட்டுக்கெல்லாம் அனுமதி இல்லீங்க!"

"விளையாட்டில்லீங்க தம்பி! எனக்கு ஓட்டத் தெரியாதுங்க!"

"அப்புறம் எதுக்குங்க ஏறுனீங்க?"

"அக்கரையில எங்கூட்டுக்காரரு இருக்காருங்க! தனியாத்தானுங்க போறேன், மீனுக்கா ஒட்டிக்கும்?"

"ஒட்டாதுங்க. நீங்க கவுந்தா நான் குதிக்கோணும். எனக்கு நீச்சல் தெரியாது. என்னைத் தூக்க நாலு பேரு குதிப்பாங்க. அப்புறம் எங்கீங்க தனி?"

நியாயம்தான். அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்தச் சுற்றில் எந்தப் பக்கம் பார்த்து அழுவது?

வண்டிச் சத்தமே இல்லாத ஊரில் அக்கரைக் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏமே! துடுப்ப முன்னால குத்தி உம்பக்கம் இழு!"

ஜன்னல் கம்பியில் ராமுலு. சுவரை விட்டுத் திரும்பிவிட்டார்.

"நீங்க சோறு தின்னாத்தான் இழுப்பேன்!" என்று கத்தியது அக்கா. கத்திக்கொண்டே இழுத்தும் விட்டது. பரிசல் எப்படியோ இக்கரையிலேயே வந்து முட்டியது.

ஆசிப் எங்கிருந்தோ ஒரு மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து பரிசலில் கட்டினார். "முழங்கால் தண்ணிக்குள்ளயே சுத்துங்க. அவரு சாப்பிட்டு முடிக்கற வரைக்குந்தான். நாளைக்கு வந்தீங்கன்னா பரிசல் ஸ்டேஷனுக்குப் போயிரும்."

"சார்! இத்தன வருசமா என்னால கட்டிப்போட முடியலீங்க, நீங்க கட்டிப்போட்டீங்க!" என்றது ஜன்னல், வாயில் சோற்றோடு.

ஒரு வாய்க்கு ஒரு திட்டு. அக்கா ஒவ்வொரு திட்டையும் வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் துடுப்புப் போட்டது.

"நாளைக்குப் போனை எடுங்க!"

"எடுக்கறேன் போ!"

கடைசியில் ஜன்னலில் தட்டு ஒன்று கவிழ்ந்து தெரிந்தது. ஒரு பருக்கை விழவில்லை. ஆசிப் கயிற்றை இழுத்தார். அன்றைக்குப் பரிசல் நேராகப் போனது அப்போது மட்டும்தான்.