அவள் தானே எழுதிய பேச்சு

கொழும்பு வெள்ளவத்தையில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி என்றால் பேச்சை எழுதுவது பிள்ளை அல்ல. டியூஷன் மிஸ் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும். இது நடுவர்களுக்கும் தெரியும். போன வருடம் என் பத்து வயது மகள் மட்டும் தானே எழுதினாள். கனடாவிலிருந்து லீவுக்கு வந்த என் தம்பியின் பிள்ளைகளோடு ரயிலில் கல்கிசைக் கடலுக்குப் போன கதை. அலை தன் செருப்பைக் கொண்டுபோனதைச் சொல்லி, அதுதான் வாழ்க்கையிலேயே ‘ஃபன்னஸ்ட்’ நாள் என்று முடித்திருந்தாள். அந்தச் சொல் அந்தப் பிள்ளைகளிடம் பழகியது.

சபை சிரித்துக் கைதட்டியது. பிறகு நடுவர் அம்மையார் மைக்கைப் பிடித்தார். “ஃபன்னஸ்ட் எண்டு இங்கிலீஷில ஒரு சொல் இல்லை, ‘மோஸ்ட் ஃபன்’ எண்டுதான் சொல்ல வேணும். வீட்டில பெரியாக்கள் பார்த்துத் திருத்தியிருக்கலாம்.” எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. முதல் பரிசு ‘மானுடத்தின் மனச்சாட்சி’ பற்றிப் பேசிய பிள்ளைக்குப் போனது. அதற்கு அர்த்தம் கேட்டிருந்தால் பாவம், அழுதிருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே நடுவரிடம் போய்ப் போனை நீட்டினேன்.

“மிஸ், டிக்‌ஷனரியில இருக்குது. பேச்சு வழக்கு எண்டு போட்டிருக்கு.”

அவர் போனைப் பார்க்கவே இல்லை. “அது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு. எங்கட பிள்ளைகள் சரியான இங்கிலீஷ் கதைக்க வேணும்.”

அந்த லீவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தம்பியின் மகன் இதே சொல்லைச் சொன்னபோது, “என்ன வடிவான இங்கிலீஷ்” என்று சொந்தமெல்லாம் உருகியது. அவன் சொன்னால் வடிவு, என் மகள் சொன்னால் பிழை. ஆங்கிலம் என்ன இவர்களின் அப்பன் வீட்டுச் சொத்தா? வீடு வரும்வரை பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்த வருடப் போட்டிக்கு அவள் வெற்றுக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நீங்களே எழுதித் தாங்கோ அம்மா. நான் பாடமாக்கிறன்.”

“போன முறை நீ எழுதினது நல்லாத்தானே இருந்தது?”

“அதைத்தானே பிழை எண்டு சொன்னவை.”

எழுதிக் கொடுத்தேன். சுற்றாடல் பாதுகாப்பு. ஒரு பிழை இல்லை, ஒரு செருப்பும் இல்லை. முதல் பரிசு கிடைத்தது. அதே நடுவர் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.