ஊட்டு வண்டியில் ஒட்டிய அம்பு

எங்கள் அம்மாவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கோள் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டுதான் கண்டுபிடித்தாள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து. ஓட்டையோ, விட்டுப்போன தையலோ, எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய பீஸ் பேக்கிங்குக்குப் போகாது. டெய்லரிடம் திரும்பிப் போய்ச் சரியாகி வந்து, ஒட்டியவளே பார்த்து அம்பை எடுத்தால்தான் பாஸ். முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது என்று அம்மா அவ்வளவு பெருமையாகச் சொல்வாள்.

அந்த அம்புகள் எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. என் கணக்கு நோட்டில், சரியாகக் கழுவாத டம்ளரில், ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் சவரம் செய்யாத கன்னத்தில்கூட. பாவம், அப்பா அதோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்கு நேர் எதிர். குறை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நல்லூரில் நாலு நிட்டிங் மிஷின் போட்டிருந்தார். ஒருநாள், பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் தன் குடும்பப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு. அதில் கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை. காரில் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "இதென்னங்கக்கா பெரிய கம்பசூத்திரமா? பொங்கலுக்குள்ள நானே ஒண்ணு பண்ணிப்போடறேன்" என்றார்.

பண்ணியும்விட்டார். எங்கள் ஊரில் எதைச் செய்வதாக இருந்தாலும் ஒரே வழிதான், ஜாப் ஒர்க். ஒரு பனியனுக்கே நூல் ஒரு இடம், அதை மிஷினில் துணியாக ஓட்டுவது ஒரு இடம், சாயம் இன்னொரு இடம், வெட்டுவதும் தைப்பதும் வேறு வேறு இடம். மாமாவும் அப்படியே பிரித்துக் கொடுத்தார். அடிச்சட்டமும் சக்கரமும் ஒரு பட்டறையில், மேல்கூடு வேன் பாடி கட்டுகிறவரிடம், மெத்தை சோபாக்காரரிடம். எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான மஞ்சள் பனியன் துணியில் அத்தை திரை தைத்தாள். எல்லாம் சேர்ந்து வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். நான் அதற்கு ஊட்டு வண்டி என்று பெயர் வைத்தேன். முன்பக்கம் ஒரு அகல ஜன்னல், அதை ஒட்டி மேலே ஒரு பெர்த். அந்தப் பெர்த்தைப் பார்த்த நிமிடமே என் உயிர் அதில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. ஓடுகிற வீட்டில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு பழனிக்குப் போகப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. ஒருத்தி மட்டும் நம்பவில்லை. போய்ப் படுத்துட்டு வந்து சொல்லு பாக்கலாம் என்றாள். அவள் முகத்தில் கரியைப் பூசுவதற்காகவே நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவில் ஊரே பூட்டிக் கிடந்தது. தூங்குவதுதான் லீவு என்று அப்பா வரவில்லை. அதிகாலையில் மாமா தன் பழைய ஜீப்புக்குப் பின்னால் வண்டியை மாட்டினார். அத்தை கற்பூரம் காட்டினாள். எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா மட்டும் குனிந்து, பனியனைத் தடவுவதுபோல வண்டியைத் தடவிக்கொண்டே வந்தாள். ஜீப்பின் கொக்கியும் வண்டியின் நீட்டுக் கம்பியும் சேருகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

அங்கே மேலிருந்து கீழாக ஒரு தடித்த இரும்புப் பின் சொருகியிருந்தது. ஜீப்பையும் வண்டியையும் சேர்த்துப் பிடிப்பது அது ஒன்றுதான். அது எழும்பி வெளியே வராமல் இருக்க, அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு லாக் மாட்ட வேண்டும். ஓட்டையே இல்லை. வெல்டிங்காரர் போடுவார் என்று, பின்னைக் கடைந்து கொடுத்த லேத்துக்காரர் விட்டுவிட்டார், லேத்துக்காரர் போட்டிருப்பார் என்று வெல்டிங்காரர் விட்டுவிட்டார். மாமா எல்லாவற்றுக்கும் ஜாப் ஒர்க் கொடுத்திருந்தார், செக்கிங்குக்கு மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

மாமாவா அசருவார்? பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்து, பின்னின் தலையிலிருந்து கம்பிக்குச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நம்மூர்த் துணி, யானையைக் கட்டினாலும் அறாது என்றார்.

"டேய், ரிப்பு நீளறதுக்குன்னே ஓட்டறதுடா" என்றாள் அம்மா. தினம் ஆயிரம் கழுத்தை இழுத்துப் பார்க்கிறவள். பர்சிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்துப் பின்னின் தலைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இந்த அம்பு இருக்கிறவரைக்கும் ஓடுகிற வண்டிக்குள் ஒரு ஈ காக்கா ஏறக் கூடாது. சாமான் போகட்டும், ஆள் எல்லாம் ஜீப்பில். அதுதான் தீர்ப்பு.

ஊர் ஜனமெல்லாம் டிராக்டர் டிரெய்லரில்தானே கோயிலுக்குப் போகிறது, இதற்குக் கூரை வேறு இருக்கிறதே என்று மாமா வாதாடிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுது பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, உள்ள ஆளுங்க யாராச்சும் இருக்கறாங்களா?" என்றார். இல்லை என்றதும் கதவைத் திறந்து அவரே ஏறினார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், தொப்பியைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு என் பெர்த்தில் படுத்திருக்கிறார்! எனக்கு வயிறு எரிந்தது.

இறங்கி வந்து தொப்பியைப் போட்டதும் மறுபடி போலீஸ் ஆகிவிட்டார். நின்ன எடத்துல படுத்துக்குங்க, சமைச்சுச் சாப்பிடுங்க, ஓடும்போது மட்டும் இழுத்துட்டுப் போற பெட்டியில ஆள ஏத்துனா தப்பு என்றார். டிராக்டர் டிரெய்லரில் போவதும் தப்புதானாம், யார் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். "பொட்டிக்குள்ள இருந்து கத்துனா ஓட்டறவருக்குக் கேக்காதுங்க. பெல்ட்டும் கெடையாது. கழண்டுக்கிச்சுன்னா பிரேக்கும் உள்ள இருக்கறவங்க கையில இல்லீங்க." அம்மா, தன் கம்பெனி மேனேஜரே வந்து பாராட்டியதுபோல முகம் மலர்ந்து நின்றாள். கொக்கியின் பக்கத்தில் இருந்த அம்பைப் பார்த்து அவர் இது என்ன என்று கேட்க, அது எங்கக்கா போட்ட கேஸுங்க என்றார் மாமா.

உடுமலைக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தினோம். பட்டறை ஏதும் திறந்திருக்கவில்லை. மாமா விடாமல் பின்னுக்கு இன்னும் பத்துச் சுற்று ரிப்பைச் சுற்றி, இப்பப் பாருங்கக்கா என்றார். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று அம்மா உள்ளே போனாள். மாமா பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், பன்னுக்காக அத்தையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கொக்கிப் பக்கம் யாரும் இல்லை.

குனிந்தேன். நகத்தால் நெம்பினேன். அம்பு கையோடு வந்துவிட்டது. அம்மா கண்டுபிடித்தால் தோலை உரித்துவிடுவாள் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பெர்த், பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும் அந்த ஒருத்தி, இரண்டும் அம்மாவைவிடப் பெரிதாகத் தெரிந்தன. அம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்து பார்த்தார். அம்பு இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அக்கா பாஸ் பண்ணிட்டாங்க! அம்மிணி, ஓடு, போயி ஏறு" என்றார். போலீஸ்காரர் சொன்னாரே என்று அத்தை இழுத்ததற்கு, அவரு பல்லடத்துல இருக்கறாரு என்றார். நானும் மாமா பையனும் ஏறினோம். உள்ளே சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அந்தச் சிவப்பு அம்பைப் பொட்டுக்குப் பதிலாக நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மாமா ஹாரன் அடிக்க, அம்மா தண்ணீர் பாட்டில்களை இடுக்கிக்கொண்டு ஓடி வந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள். நாங்கள் முன்சீட்டில் அத்தையோடு இருப்பதாக நினைத்திருக்கிறாள். வண்டி நகர்ந்தது. ஆஹா! பெர்த் தாலாட்டியது. மஞ்சள் திரை ஆடியது. ஜன்னலில் தென்னந்தோப்பு ஓடியது. அப்போதுதான் அம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள்.

அவள் கைகளை ஆட்டினாள், வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பில் முருகன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது வேறு. திட்டுகிறாள் என்று நினைத்தேன். இறக்கிவிடவா முடியும் என்ற தைரியத்தில் நாக்கைத் துருத்திக் காட்டினேன். ஆனால் அவள் கண் என் மேல் இல்லை, கீழே எதையோ பார்த்தபடி ஜீப்பின் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் டங் என்று ஒரு சத்தம். வண்டியின் மூக்கு தரையில் இடித்தது. பிறகு ஜீப் எங்களை விட்டு விர்ரென்று மேலே போனது. நாங்கள் பின்னால் உருளுகிறோம் என்று தெரியவில்லை, மாமா வேகம் எடுத்துவிட்டார் என்றே நினைத்தோம். ஓடிக்கொண்டிருந்த ஜீப்பிலிருந்து அம்மா குதித்தாள். விழுந்து, எழுந்து, செருப்பில்லாமல் ஓடிவந்து, தரையில் தேய்ந்துகொண்டு போன அந்த நீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். ஒரு வீட்டையே இழுத்து நிறுத்தப் பார்த்தாள். வீடு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ரோட்டோரம் மாட்டுக்கு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டுப் போரில் மொத்தென்று போய்ச் செருகி நின்றது. போருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். தண்ணீர் விட்டிருந்த சமயம்.

எங்களுக்கு அது எங்கே தெரியும்? மெத்தையில் குட்டிக்கரணம் போட்டு எழுந்து, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

அம்மாதான் முதலில் ஏறி வந்தாள். மாமா பையனைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். என்னைப் பிடித்துக் கழுத்து, தோள், கை, முதுகு என்று தடவி, திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து தடவினாள். அவள் உள்ளங்கை தோல் உரிந்து பிசுபிசுவென்று இருந்தது. என் நெற்றிக்கு வந்ததும் விரல் நின்றது. நகத்தால் எதையோ சுரண்டினாள். சோளத்தட்டுத் தூசி என்று நினைத்தேன். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள், பாருங்கள், இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. அடித்த கையாலேயே இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மாமாவும் அத்தையும் ஓடிவந்தார்கள். மாமா முகத்தில் ரத்தமே இல்லை. நீங்க அம்ப எடுத்துட்டீங்கன்னுதானுங்கக்கா ஏத்துனேன் என்றார், அழுகிற குரலில். போச்சு, இப்போது என் பக்கம் திரும்பப் போகிறார்கள்.

"ஆமாடா, நாந்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. "சரியாப் பாக்காம எடுத்துட்டேன்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பயத்தில் அம்மாவுக்கு எல்லாம் குழம்பிப்போய்விட்டது, என் நல்ல நேரம், தப்பித்தேன் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது நெற்றியில் அம்பு இல்லை. உருண்டதில் எங்கோ விழுந்திருக்கும் என்று, முருகா முருகா என்று கும்பிட்டுக்கொண்டேன்.

தட்டுப் போரின் சொந்தக்காரர் டிராக்டர் கொண்டுவந்து வண்டியை வெளியே இழுத்தார். தன் டிராக்டர் பின்னை லாக்கோடு மாட்டிக் கொடுத்து, போயிட்டு வந்து குடுங்க சாமி என்றார். அம்மா அந்த லாக்கை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். அவள் கையில் அத்தை மஞ்சள் பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். வீடு காலியாகப் பின்னால் வர, நாங்கள் எல்லோரும் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போனோம். எல்லோரும் பிழைத்த சந்தோஷத்தில் ஜீப்பே கலகலத்தது. மாமாவுக்குப் போன வாய் திரும்பி வந்தது. இத்தனை வருசம் ஊரு துணியிலெல்லாம் குத்தம் கண்டுபுடிச்ச எங்கக்கா, சொந்த வண்டியில கோட்ட உட்டுட்டாங்களே, கம்பெனியில தெரிஞ்சா என்னாகும் என்றார். அதன்பிறகு எந்தக் கல்யாணம் காதுகுத்து என்றாலும் அவர் இதைச் சொல்லாமல் சாப்பிட்டதில்லை. பெரிய செக்கிங்கு என்பார். அம்மா இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள், ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டாள்.

அன்றைக்கு முதல்முறையாக மாமா அதைச் சொன்னபோது, ஜீப்பில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிச் சிரித்தது நான்தான். அம்மா என் தலைமுடியிலிருந்து சோளத்தட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.