கிளட்ச் பிடி அம்மா

ஹம்ப்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கத் தெரிந்த டிரைவர் இந்த மைசூரில் ஒருவர்கூட இல்லை என்பது உறுதியான பிறகுதான், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேகத்தடைக்கு இங்கே எல்லோரும் ஹம்ப் என்றுதான் சொல்கிறார்கள். தெருவுக்குத் தெரு, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம், கோயிலுக்குக் கோயில் ஹம்ப். பாதிக்கு மேல் வெள்ளைக்கோடு கிடையாது. மண்டையில் இடித்த பிறகுதான் தெரியும்.

என் கணவருக்கு முதுகெலும்பில் கட்டி. வாரத்தில் ஐந்து நாள் ரேடியேஷன். எங்கள் வீடு ரிங் ரோட்டுக்கு வெளியே, நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில். ஆஸ்பத்திரி ஊரின் அடுத்த மூலையில். நடுவில் மைசூர் முழுவதும் கிடந்தது. வண்டி சின்னதாக ஒரு குலுக்கு குலுக்கினாலும் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆட்டோவை நினைத்தே பார்க்க முடியாது. வாடகைக் கார்க்காரர்கள், "நிதானமாகத்தானே போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஹம்ப்பில் பறந்தார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதில் ஏறினால் தெருவே வாசலில் வந்து நின்று வழியனுப்பும் என்றார். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஷெட்டில் அவருடைய பழைய கார் நின்றது, வீட்டில் நான் இருந்தேன். டாக்டரோ, ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கட்டி நரம்பை அழுத்தி இரண்டு காலும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வாய்த்த மாஸ்டருக்குத் தமிழ் வராது. நான் சேலத்துக்காரி. என் கணவர் ஓய்வு பெற்று, தான் பிறந்த ஊரிலேயே இருக்கவேண்டும் என்று இங்கே கூட்டிவந்த பிறகு நான் கற்றுக்கொண்டது காய்கறிக் கடைக் கன்னடம். எஷ்டு, பேடா, சாக்கு; எவ்வளவு, வேண்டாம், போதும். கத்தரிக்காய் வாங்க அது போதும். கிளட்ச்சுக்குப் போதாது.

"கிளட்ச் பிடி அம்மா, நிதானக்கே பிடி" என்றார் மாஸ்டர். நானும் நிதானமாகப் பிடித்தேன். வண்டி நகரவில்லை. "பிடி அம்மா, பிடி!" என்று குரலை உயர்த்தினார். பாதம் நோக நோக மிதித்துப் பிடித்தேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு சுற்றுலா பஸ், அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒரு குதிரை வண்டி, எல்லோரும் என்னைத் திட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வயதுக்கு நான் அக்கா முறை. ஒரு 'ங்க' போட்டுப் 'பிடிங்க' என்றால் வாய் தேய்ந்தா போகும்? அந்த ஆத்திரத்தில் காலைச் சட்டென்று எடுத்தேன். வண்டி துள்ளி, நடைபாதையோரம் குவித்திருந்த இளநீர்க் குவியலில் போய் முட்டியது. இளநீர்கள் சாலை முழுக்க உருண்டோட, இளநீர்க்காரர் அரிவாளோடு எழுந்து நின்றார். மாஸ்டர்தான் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, மரியாதை தெரியாத மாஸ்டர் என்று இவரிடம் புலம்பினேன். கட்டிலில் படுத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு இவர் சிரிக்கத் தொடங்கினார். நாம் 'டி' போடுகிற இடத்தில் இவருக்குக் 'கணே'தான் வரும்.

"ஏ, கன்னடத்துல பிடின்னா விடுங்கன்னு அர்த்தம் கணே. பிடிக்கிறதுக்கு ஹிடி. அந்த ஆளு பாவம், மரியாதையாத்தான் சொல்லியிருக்கான். மரியாதை இல்லாம சொல்றதுன்னா பிடுன்னு சொல்லியிருப்பான்."

"அப்ப அவர் விடுங்க விடுங்கன்னு கத்தியிருக்காரு, நான் பிடிச்சிக்கிட்டே இருந்திருக்கேன்."

"அஷ்டே, அவ்வளவுதான். ஐயோ, சிரிக்க வைக்காதே, முதுகு பிச்சுக்குது."

கண்ணில் நீர் வர வர, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சிரித்தார். நோய் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாஸ்டர் மேலிருந்த கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை அவர் வாடகைக் காரிலேயே வலியைப் பொறுத்துக்கொண்டு போய்வந்தார். வந்ததும் எங்கள் பயணம் தொடங்கியது. பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அவரைப் படுக்கவைப்பேன். அவர் முழங்காலை மடக்கிப் படுத்தால் ஜன்னல் வழியே வானமும் மரத்து உச்சிகளும் மட்டும்தான் தெரியும். அதை வைத்தே வழி சொன்னார். அவருடைய அப்பா ரயில்வேக்காரர். குவார்ட்டர்ஸில் பிறந்து, இந்த ஊரைச் சைக்கிளில் சுற்றித் தேய்த்தவர் இவர். "தூங்குமூஞ்சி மரம் ரெண்டு பக்கமும் சேர்ந்து கூடாரம் மாதிரி வருதா? அது முடிஞ்சதும் எடது." "தண்ணித் தொட்டி தெரியுது. அடுத்த சர்க்கிள்ல நேரா போ." "சாமுண்டி மலை ஏன் அந்தப் பக்கம் வருது? தப்பா திரும்பிட்டே கணே." முன்னால் கண்ணாடி முழுக்கத் தெருவை வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாத வழி, மல்லாந்து கிடந்த அவருக்குத் தெரிந்தது.

சர்க்கிள்தான் என் எமன். இந்த ஊரை ஆண்டவர்கள் எங்கெங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் ஒரு வட்டத்தைக் கட்டி நடுவில் மண்டபத்தையோ சிலையையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் நுழைய எனக்கு யாரும் இடம் தரமாட்டார்கள். நுழைந்துவிட்டால் வெளியே வரவும் விடமாட்டார்கள். ஒரு நாள் ஒரே சிலையை நான் சுற்றிச் சுற்றி வந்தபோது பின்னாலிருந்து, "பிரதட்சணம் போதும், வேண்டுதல் நிறைவேறிடும்" என்று குரல் வந்தது. வெளியூர்க் கார்கள் செல்ஃபோன் வழிகாட்டியை நம்பி ஒன்வேயில் எதிரே வரும். ஸ்கூட்டர்க்காரர்கள் வலதுபக்கம் இண்டிகேட்டர் போட்டு இடதுபக்கம் திரும்புவார்கள். நடுச்சாலையில் மாடு படுத்திருக்கும், அதற்கு மட்டும் எல்லோரும் வழிவிடுவார்கள். நானும் ஒரு மாடாக இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் ஹம்ப்பில் நான் தவறவில்லை. ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவேன். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கட்டும், பெற்ற தாயைத் திட்டட்டும். ஒரே ஒரு முறை, மரநிழலில் மறைந்திருந்த ஹம்ப் ஒன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வண்டி தூக்கிப் போட்டதும் அவர் அலறிய அலறல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவர் மூச்சை அடக்கிச் சமாளித்துக்கொண்டு, "பரவாயில்லை, நகரசபைக்காரன் புதுசா போட்டிருப்பான்" என்றார். அன்றைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தசராவுக்குச் சில வாரம் முன்பு ஒரு நாள் காலை, கிளம்பும்போதே கால் இரண்டும் சில்லென்று இருக்கிறது என்றார். இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். வழக்கமான சாலையில் ஏதோ தோண்டிக்கொண்டிருந்தார்கள். அம்பு போட்ட பலகை காட்டிய பக்கம் திரும்பினேன். அது ஒரு சந்து. பால் வண்டிக்காகத் தடுப்பை யாரோ நகர்த்தி வைத்திருந்த இடைவெளியில் நானும் நுழைந்து பெரிய சாலைக்கு வந்தேன். மைசூருக்கு வந்ததிலிருந்து இவ்வளவு காலியான சாலையை நான் பார்த்ததில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் எதிரே யானைகளைப் பார்த்தேன்.

தசரா ஊர்வலத்துக்கு ஒத்திகை. அரண்மனையிலிருந்து யானைகளைத் தினமும் நடத்திக் கூட்டிப்போவார்கள் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். முதல் யானையின் முதுகில் மணல் மூட்டைகள். என் கார் சாலை நடுவே, குறுக்காக. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன், என்ஜின் நின்றுபோனது.

"என்ன, நின்னுட்டே?" என்றார் பின்னாலிருந்து.

"யானைங்க."

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஓ, வந்துடுச்சு, வந்துடுச்சு." ஜன்னலில் வானம் மறைந்தது. "அடேங்கப்பா, என்ன காது பாரு."

ஒரு போலீஸ்காரர் விசிலோடு ஓடி வந்தார். "தாரி பிடி அம்மா! ஆனே பர்தா இதே, தாரி பிடி!" யானை வருகிறது, வழி விடுங்கள் என்கிறார். எனக்கு அர்த்தம் தெரியும், இப்போது நன்றாகவே தெரியும். ஆனால் பதற்றத்தில் என் காது சேலத்துக்கே ஓடிவிட்டது. பிரேக்கைப் பிடித்தேன், கிளட்ச்சைப் பிடித்தேன், ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் "பிடி பிடி" என்று கத்தக் கத்த இன்னும் இறுக்கினேன். யானைகள்தான் பெருந்தன்மையாக ஒதுங்கி, காரை உரசாமல் ஒவ்வொன்றாகக் கடந்தன.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அவர் வேறு குரலில் கூப்பிட்டார். "கொஞ்சம் என் காலைத் தொட்டுப் பாரேன். கம்பளி சுத்தின மாதிரி இருக்கு."

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினேன். சாக்ஸை உருவிப் பாதத்தைப் பிடித்துக் கிள்ளினேன்.

"தெரியுதா?"

"எது?" என்றார்.

டாக்டர் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாரோ அது என் கைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணாடியை இறக்கி, கன்னடம் தமிழ் எல்லாம் குழம்ப, போலீஸ்காரரிடம் கத்தினேன். "சார், பேஷன்ட் சார், காலு போச்சு சார், ஆஸ்பத்ரே!" அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு என் காருக்கு முன்னால் ஓடத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து, "தாரி பிடி, தாரி பிடி" என்று அதே சொல்லைக் கத்திக்கொண்டே ஓடினார். என்ஜினைக் கிளப்பி, அவருக்குப் பின்னால் நான் முதல் கியரிலேயே போனேன். அடுத்த சர்க்கிளில் இன்னொரு போலீஸ்காரரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு, அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த மாத்திரத்தில், ரேடியேஷன் வேண்டாம், உடனே ஆபரேஷன் என்றார். கையெழுத்து வாங்கினார்கள், ஸ்ட்ரெச்சரில் தள்ளினார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினேன். தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு பெண், சின்ன வயது, நல்ல முகம், "கை பிடி அம்மா" என்றாள்.

நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா, கை பிடி. டைம் ஆயிது."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்த நிலையிலும் வாயோரம் சிரிப்பு. "அவளு தமிளு, சிஸ்டர். பிடி அந்த்ரே ஹிட்கோதாளே" என்றார். அவள் தமிழ்க்காரி, விடச் சொன்னால் பிடித்துக்கொள்வாள். நர்ஸுக்குப் புரிந்து சிரித்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள், நான் அழுதேன். எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. அது அவருக்கும் தெரியும். என் விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "ஹம்ப் பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று அவர் உயிரோடு வெளியே வந்தார். கால்கள் வரவில்லை. யானைகளுக்காக நின்ற நேரம்தான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அடுத்த தசராவை இவர் பார்க்கவில்லை.

காரை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை. காய்கறிக்கும் பேங்குக்கும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். சர்க்கிளில் இப்போது எனக்குப் பயம் இல்லை, திட்டினால் திருப்பித் திட்டுகிற அளவுக்குக் கன்னடமும் வந்துவிட்டது. பின்சீட்டில் தலையணைகள் அப்படியே இருக்கின்றன. ஹம்ப் வந்தால் மட்டும் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாகத்தான் இறக்குகிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், ஸ்கூட்டர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, "தாரி பிடி அம்மா, பிடி" என்று கத்துகிறார்கள். எனக்கு அர்த்தம் தெரியும். கால்தான் கேட்பதில்லை.